பேர் வெட்டிய பாத்திரங்கள்

என் சின்ன வயதில், இன்றைய தேனி மாவட்டத்து அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க அரைநாள் போதும். சாமான் மொத்தமும் திண்ணைக்குள் அடங்கிவிடும். ஒரு ட்ரங்குப் பெட்டி, சுருட்டிய பாய்கள், பித்தளை அண்டா, குடங்கள், அஞ்சறைப் பெட்டி, கொடியில் கிடந்த துணிமணி. ஆட்டுரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்வளவுதான் நம்மிடம் இருக்கிறது என்று தெரு முழுக்கப் பார்க்கிறதே என எனக்குக் கூச்சமாக இருக்கும். சம்பாதிக்கத் தொடங்கியதும் இந்த வீட்டை நிரப்ப வேண்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

நிரப்பவும் செய்தேன். பீரோ, கட்டில், சோபா, ஷோகேஸ் எல்லாம் வந்தன. அதன் பிறகு பெயின்ட் அடிக்க வந்தவர், "பீரோவுக்குப் பின்னாடி அடிக்க வேணாம்ல?" என்றுதான் முதலில் கேட்டார். பீரோ அளவுக்குச் சுவரில் பழைய நீலம் அப்படியே தங்கிவிட்டது. சாமான் இல்லாத காலத்தில் முழுச் சுவருக்கும் சுண்ணாம்பு பூசிய வீடு அது.

இதைச் சொல்லி ஏழ்மையைப் புகழ எனக்கு மனமில்லை. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்தது. ஆட்டுரலில் மாவாட்டித் தோள்பட்டை இற்றுப்போன பெண்களுக்குக் கிரைண்டர் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அதைக் குறை சொல்பவர்கள் ஒருநாள் ஆட்டிப் பார்க்கட்டும்.

என் பேச்சு பரண்மேல் இருந்தவற்றைப் பற்றியது. கல்யாணம், காதுகுத்து, வீடு பால்காய்ச்சு என்று காலப்போக்கில் வந்து சேர்ந்த எவர்சில்வர் பாத்திரங்கள் அங்கே அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். அம்மாவுக்கு அது மொய் நோட்டு மாதிரி. எந்தத் தூக்குவாளி யார் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது என்பது மனப்பாடம். எதையாவது யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றால், "இருந்துட்டுப் போகட்டும்டா" என்பாள். அந்தப் பெயர்களுக்குரியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பாத்திரங்கள் புழங்கப்படாமலே பளபளவென்று இருந்தன.

பித்தளை அண்டாவின் கதை வேறு. அது எங்கள் வீட்டில் இருந்ததைவிட வெளியே இருந்த நாள்தான் அதிகம். கிடாவெட்டு, சடங்கு, துக்க வீடு என எங்கே என்றாலும் "மதினி, அண்டா இருக்கா?" என்று ஆள் வரும். திரும்பி வரும்போது புளிபோட்டு விளக்கி, அடியில் கொஞ்சம் பலகாரத்தோடு வரும். ஊர்த் திராட்சைத் தோட்டங்களுக்கிடையிலும் மருந்தடிக்கும் மிஷின் அப்படித்தான் கைமாறிக்கொண்டிருந்தது. பிறகு எல்லா வீட்டிலும் எல்லாம் வந்தது. வாடகைப் பாத்திரக் கடையும் வந்தது. கேட்டு வருகிற கால்கள் குறைந்தன.

பொருளைக் குறைத்து வாழ்வது பற்றி இன்று ஜப்பானிலிருந்தெல்லாம் புத்தகம் வருகிறது. எனக்கு மதுரையே போதும். 1996-இல் தேனி தனி மாவட்டமாகும்வரை எங்களுக்கு அதுதான் மாவட்டத் தலைநகர். 1921 செப்டம்பர் 22 அன்று அங்கே மேலமாசி வீதி வீடொன்றில் காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டார். அந்நியத் துணியைத் துறந்த ஏழைகளுக்குக் கதர் வாங்கக் காசில்லை என்ற கவலையில் எடுத்த முடிவு அது. அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பேன் என்றுதான் முதலில் அறிவித்தார். 1948-இல் உயிர் பிரியும்வரை அதே அரையாடைதான். தன் மனநிம்மதிக்காக அவர் உடையைக் குறைக்கவில்லை. எதிரே நின்றவனின் உடம்பைப் பார்த்துக் குறைத்தார். வீட்டைக் காலிசெய்து அழகு பார்க்கும் இன்றைய மோகத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

அம்மா போன பிறகு பாத்திரங்களை இறக்கி, வெட்டிய பெயரைப் படித்து, அந்தந்த வீட்டுப் பிள்ளைகளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பெண் தன் பாட்டி பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுலதான் இனிமே பால் வாங்கப் போறேன்" என்றாள். பீரோ, சோபாவெல்லாம் போக, என்னிடம் இப்போது ஒரு ஆளுக்குத் தேவையான தட்டுமுட்டு, இரண்டு மர நாற்காலி, கொஞ்சம் புத்தகம். திண்ணையில் எடுத்து வைத்தாலும் கூச்சமில்லை. வயது தந்ததில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அண்டாவை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை, எல்லாருக்கும் கொடுக்கிறேன். உங்கள் பரணிலும் ஏதாவது பேர் வெட்டிய பாத்திரம் இருக்கும். பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடுமுன் அந்தப் பெயரை ஒருதரம் படியுங்கள். அந்த வீட்டில் யாராவது இருந்தால், நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.