வளர்த்த காது, செதுக்கிய மூக்கு

என் ஆச்சி காலத்தில், தாமிரபரணிக் கரை ஊர்களில், காது தொங்காத பெண்ணுக்கு 'மூளி' என்று பெயர். கைக்குழந்தையிலேயே காதைக் குத்தி, பஞ்சைத் திணித்துத் துளையைப் பெரிதாக்கி, ஈயக் குணுக்கை மாட்டித் தோளைத் தொடும்வரை இழுப்பார்கள். பிறகு பாம்படம், தண்டட்டி, முடிச்சு என்று தங்கம் ஏறும். பிள்ளை அழுவதெல்லாம் கணக்கில் வராது.

சித்திக்கும் அப்படித்தான் வளர்த்தார்கள். 1960களில் அவளுக்கு மெட்ராஸில் பேங்க் உத்தியோக மாப்பிள்ளை அமைந்தார். சீர்வரிசைப் பட்டியலோடு அவர்கள் வீட்டிலிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது: தொங்கு காது ஆகாது. மரத்துப்போக ஓர் ஊசி, தொங்கிய சதையை அறுத்து மிச்சத்தைச் சேர்த்துத் தையல். சித்தி காது தைக்கப் போனது தெருவுக்கே தெரியும். திரும்பி வந்ததும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆச்சிதான் தாங்காமல், "வளத்த காத அறுத்துட்டு வந்து நிக்கியே, பாம்படத்த எங்கட்டி மாட்டுவ?" என்று கேட்டாள். பாம்படம் உருகி இரட்டைவடச் சங்கிலியாயிற்று.

பிளாஸ்டிக் சர்ஜரி எங்களுக்கு அறிமுகமானது சினிமாக் கொட்டகையில். வில்லன் முகத்தில் சுற்றிய கட்டை டாக்டர் மெல்லப் பிரிப்பார். உள்ளே கதாநாயகனின் முகம் இருக்கும். இப்படியும் ஒரு வைத்தியம் உண்டா என்று சித்தி வாயைப் பிளந்தாள். அவள் காதில் நடந்ததும் அதே வகை வைத்தியம்தான் என்று யாரும் சொல்லவில்லை. நிஜ டாக்டர்கள் அப்போது 'ஸ்டவ் வெடித்ததாக' எழுதிக் கொண்டுவரப்பட்ட மருமகள்களின் முகத்தோடும், வேலூர்ப் பக்கம் தொழுநோயில் மூக்கு அமுங்கி, புருவம் உதிர்ந்தவர்களின் முகத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை யார் படமெடுப்பது?

இப்போது சித்தியின் பேத்தி, கல்யாணத்துக்கு முன் மூக்கை 'ஷார்ப்' பண்ணிக்கொள்ளப் போகிறாள். வீக்கம் முழுக்க வடிந்து இறுதி வடிவம் வர ஒரு வருஷம்கூட ஆகலாம் என்பது முதல் மாதத் தவணை வரை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எண்பது தாண்டிய சித்தி, தைத்த காதில் வைரத்தோடு மின்ன, "சாமி குடுத்த மூக்க அறுக்கலாமா? அடுக்குமாட்டி?" என்கிறாள்.

"உங்க காது மட்டும் சாமி குடுத்த மாதிரியே இருக்கோ ஆச்சி?"

அந்த வாரமே பெங்களூரிலிருந்து பேரன் வந்திறங்கினான். காது மடலில் பெரிய துளை, அதில் கறுப்பு வளையம். 'டனல்' என்றான். குணுக்கு ஐ.டி. கம்பெனி வரைக்கும் வந்துவிட்டது! சித்தி அன்று முழுக்கப் பேசவில்லை. நாளை அவன் மாமனாருக்குப் பிடிக்காவிட்டால் தைத்துக்கொள்ளலாம். வைத்தியம் ஏறக்குறைய அதேதான்.

குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா ஒருவர் பழங்கால வைத்தியர் சுஸ்ருதரின் பெருமையை அனுப்பினார். அறுந்த காது மடலைச் சேர்க்கச் சுஸ்ருத சம்ஹிதை 15 வழி சொல்கிறது. மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்குப் புனே பக்கம் நெற்றித் தோலை எடுத்து மூக்கு வைத்ததை 1794-இல் லண்டன் பத்திரிகை வெளியிட்டது. 1814-இல் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் அதே முறையைச் செய்து பார்த்தார். எல்லாம் உண்மை. அடுத்த செய்தியும் அவருடையதே: "பாப்பா மூக்கு விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

காதும் மூக்கும் எப்படியோ போகட்டும். எனக்கு உறுத்துவது உதடு. எங்கள் தெருமுனை வீட்டில் உதடு பிளந்து பிறந்த ஒரு பையன் இருந்தான். விருந்தாளி வந்தால் அவனைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிரகணத்தன்று அவன் அம்மா வெளியே வந்துவிட்டாள் என்பது ஊரின் தீர்ப்பு. சித்தியின் காதுக்குக் கிளம்பிய வண்டி அவன் உதட்டுக்குக் கிளம்பவில்லை. உதட்டைப் புடைக்கவைக்கும் ஊசியின் விலையைக் கல்லூரிப் பெண்கள் ஒப்பிக்கும் இந்தக் காலத்தில், ஸ்கேனில் பிளவு தெரிந்த சொந்தக்காரப் பெண்ணிடம் எங்கள் வீட்டார் முதலில் விசாரித்தது கிரகணத்தைத்தான். அவள் பி.இ. படித்தவள். அவளும் உட்கார்ந்து தேதியை எண்ணினாள்.

உதட்டுப் பிளவைப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரிசெய்கிறார்கள். அண்ணப் பிளவைப் பொதுவாக ஒன்றரை வயதுக்குள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.