எட்டு வால்வுக்கு ஐந்து வாசல்

மினி காரின் எஞ்சினை முடுக்கிவிட்டவர்களின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அதன் காலை உடைத்தவர்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே கம்பெனியிடம் காசு வாங்கியது என்பதுதான் வேடிக்கை.

1956-ல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். சண்டை மூண்டது, இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. தெருவில் ஜெர்மன் ‘பபிள்’ கார்கள், முட்டைக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி, உருளத் தொடங்கின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்கிற பி.எம்.சி. கம்பெனியின் தலைவர் லெனர்ட் லார்டுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸைக் கூப்பிட்டு, ஒழுங்கான சின்னக் கார் ஒன்று செய்து கொடு, எஞ்சின் மட்டும் புதிதாகக் கேட்காதே என்றார். கல்யாண விருந்து வேண்டும், மளிகைக் கடைப் பக்கம் போகக் கூடாது! வீட்டில் இருந்தது ஆஸ்டின் ஏ30-க்காக 1951-ல் செய்த ஏ-சீரிஸ். நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு, 803 சி.சி. இதற்குள் அது வளர்ந்து 948 சி.சி. ஆகியிருந்தது.

இசிகோனிஸ் அதைக் காருக்குக் குறுக்கே வைத்தார். கியர்பாக்ஸுக்கு இடமில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் சம்புக்குள்ளேயே தள்ளினார். இரண்டுக்கும் ஒரே ஆயில். பஜ்ஜி சுட்ட எண்ணெயில் மீனும் பொரிக்கிற ஏற்பாடு. இதனால்தான் மினிக்காரர்கள் இன்றும் ஆயில் மாற்றும் தேதியை அமாவாசை போல காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறார்கள்.

சோதனைக் கார் மணிக்கு 145 கிலோமீட்டரைத் தாண்டியது. 10 அங்குலச் சக்கரம், சின்ன டிரம் பிரேக். நிறுவனத்துக்கு வியர்த்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பிரேக்கைப் பெரிதாக்கியிருப்பார்கள். இவர்கள் எஞ்சினைச் சின்னதாக்கினார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கை 76.2 மில்லிமீட்டரிலிருந்து 68.26-க்கு வெட்டி 848 சி.சி. ஆக்கி, 34 குதிரை போதும் என்று 1959 ஆகஸ்டில் விற்பனைக்கு விட்டார்கள்.

போகிற போக்கில் எஞ்சினைத் திருப்பியும் வைத்தார்கள். கார்புரேட்டரில் பனி பிடிக்கிறது என்று அது பின்பக்கம் போனது, டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேராக வந்து நின்றது. இங்கிலாந்தில் மழை பெய்யும் என்பது வடிவமைப்பு அலுவலகத்துக்கு யாரும் எழுதித் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. மழையில் மினிகள் நடுரோட்டில் விக்கி நின்றன. வண்டிக்காரர்கள் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டி, விரல் நுனிகளை வெட்டி, ஒயர்களை வெளியே இழுத்துக்கொண்டார்கள். நாலு பிளக், ஒரு காயில், ஆக ஐந்து ஒயர். கைக்கும் ஐந்து விரல். கடவுளும் ஒரு காலத்தில் மினி ஓட்டியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஜான் கூப்பர் வருகிறார். 1959-லும் 1960-லும் ஜாக் பிராபமை உலக சாம்பியனாக்கிய ரேஸ் கார்களைக் கட்டியவர். ஃபார்முலா ஜூனியர் கார்களில் இதே ஏ-சீரிஸைப் போட்டு முறுக்கிப் பார்த்தவர் என்பதால், இந்த எஞ்சினின் ஜாதகம் அவர் கையில் இருந்தது. இசிகோனிஸுக்கு ஆர்வமில்லை. ஏழைக்கு வாகனம் செய்தால் இந்த ஆள் பந்தயக் குதிரை கேட்கிறாரே என்று முகம் சுளித்தார். கூப்பர் மேலே போய் பி.எம்.சி. மேலிடத்தில் ஜார்ஜ் ஹாரிமனைப் பார்த்தார். பந்தயச் சட்டப்படி 1000 கார் செய்தாக வேண்டும். அத்தனை விற்காது என்று ஹாரிமனுக்குச் சந்தேகம். இருந்தாலும் சரி என்றார். காருக்கு 2 பவுண்டு கூப்பருக்கு. விற்றது ஆயிரமல்ல, லட்சத்துக்கு மேல்.

1961-ல் வந்த மினி கூப்பரில் வெட்டிய ஸ்ட்ரோக்கைத் திருப்பி ஒட்டி, மேலும் நீட்டி 81.28 ஆக்கினார்கள். 997 சி.சி., இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 55 குதிரை, முன்னால் டிஸ்க் பிரேக். இரண்டு வருஷம் முன்பு பயந்து கழித்ததை இப்போது வட்டியோடு சேர்த்தாயிற்று.

அதோடு விட்டார்களா? 1963-ல் 1071 சி.சி. வேண்டுமென்றார்கள். சிலிண்டரின் விட்டமான போரை 70.6 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்க வேண்டும், பிளாக்கின் நீளமோ மாறக் கூடாது. ஓரத்துச் சிலிண்டர்கள் இரண்டையும் கால் அங்குலம் வெளியே தள்ளி, நடுவில் இருந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்தார்கள். மூன்று பேர் ஸீட்டில் நாலாவது ஆள் ஏறும்போது நம் பஸ்ஸில் நடப்பதும் இதுதான். அடுத்த வருஷம் அதே போரில் ஸ்ட்ரோக்கை நீட்டி 1275 சி.சி., 76 குதிரை. இன்றுவரை பழைய மினிக்காரர்கள் கனவில் வருவது இந்த எண்தான்.

எஞ்சினின் உண்மையான கோளாறு போரில் இல்லை, சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. எஞ்சின் நிபுணர் ஹாரி வெஸ்லேக் வரைந்த எரியறை இதய வடிவம், அழகுதான். ஆனால் எட்டு வால்வுக்கு ஐந்தே வாசல். இன்லெட் இரண்டு, எக்ஸாஸ்ட் மூன்று. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாசலில் மூச்சு வாங்க வேண்டும். சரியான ஒண்டுக்குடித்தனம். 1-3-4-2 என்று வெடிப்பதால், ஒருவர் குடித்து முடிப்பதற்குள் அடுத்த குடித்தனக்காரர் டம்ளரைப் பிடுங்குகிறார். இது தெரிந்த யாரும் இந்த எஞ்சினில் கை வைத்திருக்கக் கூடாது. ஆனால் வில்ட்ஷயரில் டவுன்டன் என்ற கிராமத்தில் டேனியல் ரிச்மண்ட் என்பவர் உட்கார்ந்து அந்த வாசல்களை அகட்டி, வழித்து, மெருகேற்றினார். அவர் கை பட்ட மினிகள் பெரிய கார்களின் மானத்தை வாங்கவே, பி.எம்.சி. அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டது.

1964, 65 இரண்டு வருஷமும் மான்டி கார்லோ ராலி மினிக்கே. 1966-ல் முதல் மூன்று இடமும் மினி. ராலி நடத்தியவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. எஞ்சினைக் கழற்றி அளந்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் ஹெட்லைட் பல்பில் பிடித்தார்கள். ஒற்றை இழை, விதிப்படி டிப் ஆகவில்லை! மூன்றும் வெளியே. கோப்பை ஒரு சிட்ரோயனுக்குப் போனது. மறுவருஷம் ராவ்னோ ஆல்டனன் மினியில் வந்து அதை மீட்டார், பல்பைச் சரிபார்த்துக்கொண்டுதான்.

இன்று ஒரு ஏ-சீரிஸைப் பிரித்துத் தெருவுக்காகக் கட்டுகிறவன் செய்ய வேண்டிய வரிசை ரிச்மண்ட் காலத்திலேயே முடிவாகிவிட்டது. முதலில் ஹெட், அப்புறம் எக்ஸாஸ்ட். நடு வாசலில் இரண்டு சிலிண்டர் புகை வருவதால் அந்தக் குழாய் மட்டும் நீளமாக இருக்க வேண்டும். அப்புறம் கார்புரேட்டர். ஹெட்டைக் கொஞ்சம் இழைத்துக் கம்ப்ரஷன் ஏற்றலாம். வால்வுகளைத் திறக்கும் கேம் கடைசியில். பொடியன்கள் முதலில் வாங்குவது அதைத்தான். 649 என்று ஒரு ரேஸ் கேம் உண்டு. மாட்டினால் ஐட்லிங்கில் வண்டி காளைமாடு மாதிரி தலையை ஆட்டும், கீழ்ப் பிக்கப் சுத்தமாக இருக்காது, சிக்னல் பச்சையாகிப் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்து முடித்த பிறகுதான் உயிர் வரும். இதே எஞ்சினோடு 1982-ல் வந்த எம்.ஜி. மெட்ரோ காரின் சாது கேம் போதும், பால் வாங்கவும் போகலாம். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? டேவிட் விசார்ட் என்பவர் இந்த எஞ்சினைப் பற்றித் தலையணைப் பருமனில் புத்தகமே போட்டு, டைனோவில் ஏற்றிக் காட்டியும் கேட்கவில்லை.

இதே ஏ-சீரிஸ்தான் மொறிஸ் மைனரிலும் இருந்தது. இலங்கை முழுக்க அந்தக் கார். 1990-களில் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் நின்றுபோனது, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் கட்டுகிறவர்கள் உலகமெங்கும் கம்ப்ரஷனை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே ஏற்றாமல் விட்டவன் பிழைத்தான். மண்ணெண்ணெய்க்குக் கம்ப்ரஷன் கூடினால் எஞ்சின் உள்ளேயே சுத்தியல் அடிக்கும். சின்னப் போத்தலில் வைத்திருந்த பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, உறுமவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெஸ்லேக்கின் இதய வடிவ அறையிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பும். மாப்பிள்ளை, பெண், தோழி என்று நிறைந்த கல்யாணக் காருக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மிதி மிதித்து, அதை முந்திப் போவார்கள்.