பட்டாவைவிடப் பெரியது சாட்சி

கேள்வி: அமெரிக்கப் புல்வெளியில் முதன்முதலாக ஏர் பூட்டிய தாத்தாவின் கதையை, இன்றைய வாரிசு எங்கே போய்த் தேடுவது?

பதில்: குடும்பப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட குடியிருப்பு நிலச் சட்டம் 160 ஏக்கர் வரை கொடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து, அதற்கு அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியும் சொல்ல வேண்டும். அந்த வாக்குமூலம்தான் புதையல்! பேரன் சொல்லும் கதையில் தாத்தாவுக்கு மாளிகை இருக்கும். சாட்சி சொன்னதில் ஒரு கதவு, ஒரு ஜன்னல் வைத்த மண்வீடு இருக்கும். நான் சாட்சியைத்தான் நம்புவேன். எத்தனை ஏக்கர் உழுதார், என்ன விதைத்தார், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவராக இருந்தால் குடியுரிமைத் தாளும் கூடவே கிடக்கும். கணவர் இடையில் இறந்து, மனைவி தனியாக உழுது பட்டா வாங்கிய கதைகளும் உண்டு. அந்தப் பாட்டிகளைத்தான் முதலில் தேட வேண்டும்.

பட்டா கிடைக்காமல் பாதியில் விட்டுப்போனவர்களின் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. அவற்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒன்று மட்டும் அந்தத் தாள்களில் தேடினாலும் கிடைக்காது: அந்த மண்ணில் அதற்கு முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளின் பெயர்.