நாலு மணிக்கு வளரும் மனை

திருப்பாலைக்குடி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம். கல் நட்ட மனைகளுக்கு நடுவே ஒரு தரகர். எதிரே, விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பிய பெரியவர். நேரம் மாலை நாலு மணி.

தரகர்: வாங்கண்ணே! போன்லயே ஆல்டிமீட்டர் இருக்கு, பாருங்க. கடல் மட்டத்துக்கு மேல 60 மீட்டர்! சுனாமியே வந்தாலும் நம்ம மனையை அண்ணாந்து பாத்துட்டுத்தான் போகணும்.

பெரியவர்: காலடியில நண்டு வளை தோண்டுது. 60 மீட்டர்னா இருபது மாடி தம்பி. ஏறி வந்தியே, மூச்சு வாங்குச்சா?

தரகர்: மெஷின் பொய் சொல்லுமாண்ணே?

பெரியவர்: அது உயரத்தை எங்க அளந்துச்சு? காத்தழுத்தத்தை அளந்துச்சு. மேல போகப் போக அழுத்தம் குறையும். விமானத்துல இருக்கிற கருவிக்குள்ள, காத்தை உறிஞ்சி மூடுன உலோகச் சிமிழ் ஒண்ணு உண்டு. வெளிய அழுத்தம் குறைஞ்சா அது உப்பும். அந்த உப்பல் பல்சக்கரத்தைத் தள்ளி முள்ளைத் திருப்பும். காத்து வர்ற குழாயில வாய் வச்சு உறிஞ்சினாப் போதும், ஷெட்டுல நிக்கிற விமானம் ஆயிரம் அடி ஏறிடும். உன் போன்ல அதே வேலையை ஒரு சில்லு பாக்குது.

தரகர்: அப்ப சரிதானே?

பெரியவர்: கடல் மட்டத்துல 1013.25 மில்லிபார்னு பொதுவா ஒரு கணக்கு. உன் போன் அதையே பிடிச்சுத் தொங்குது. இப்ப இங்க இருக்கிறது 1006. ஒரு மில்லிபார் குறைஞ்சா எட்டு மீட்டர் சொச்சம் ஏறும். பெருக்கிப் பாரு, உன் மலை வந்துரும். உச்சிப்புளியில 2009-ல இருந்து கடற்படையோட ஐ.என்.எஸ். பருந்து இருக்கே, அங்க இறங்குற விமானி அந்த நேரத்து அழுத்தத்தைக் கேட்டு, குமிழைத் திருகி வச்சுட்டுத்தான் இறங்குவாரு. தரைகிட்ட வந்தா ரேடியோ ஆல்டிமீட்டர்: அலையைக் கீழ அனுப்பி, திரும்பி வர்ற நேரத்தை வச்சுச் சொல்லும். உனக்கு எந்தக் குமிழ்?

தரகர்: அதானா! காலையில 35-ன்னு காட்டுச்சு. ரிப்பேர்னுல்ல நெனச்சேன்.

பெரியவர்: நம்ம பக்கம் தினமும் அப்படித்தான். பத்து மணி வாக்குல அழுத்தம் கூடும், நாலு மணி வாக்குல மூணு நாலு மில்லிபார் இறங்கும்.

தரகர்: தினம் வளர்ற மனை! நோட்டீஸ்ல போட்டுரலாமே.

பெரியவர்: புயலையும் சேத்துப் போடு. அழுத்தம் 40 மில்லிபார் விழுந்தா, மனை 300 மீட்டருக்கு மேல ஏறி நிக்கும். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ராத்திரி இந்தப் போன் அங்க இருந்திருந்தா, ஊரே மலை உச்சியில இருக்குன்னுதான் சொல்லியிருக்கும். தண்ணி கூரைக்கு வந்தது அதுக்குத் தெரியாது.

தரகர்: மெதுவாண்ணே, பார்ட்டி காதுல விழப்போகுது. (போனில்) சார், நாளைக்குக் காலையில வேணாம் சார், வெயில் கொளுத்தும். சரியா நாலு மணிக்கு வந்துருங்க.