நட்சத்திரப் பொருத்தம்

எனக்குச் சொந்த ஊர் பழவேற்காடு என்று ஆபீசில் தெரிந்துபோன நாளிலிருந்து இரண்டு வகை போன்கள் வருகின்றன. ஒன்று, நண்டு கிலோ என்ன விலை. அது தொல்லையில்லை, விலையைச் சொன்னதும் தானாகவே வைத்துவிடுவார்கள். இன்னொன்று, "உங்க ஊர்ல தீவெல்லாம் இருக்காமே, ஒரு நைட் தங்கற மாதிரி நல்ல இடமா பாத்துச் சொல்லுங்களேன்." இதைக் கேட்பவர் எப்போதும் ஒரே ஆள். பெயர் மாறும், சம்பளம் மாறும், ஆள் மாற மாட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். டூர் என்று யாராவது பேச்செடுத்தால், "ரூம் விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க" என்பார். விட்டுவிடுவார்கள். அத்தோடு டூரும் விட்டுப்போகும்.

ரூம் தேடுவதாக அவர் சொல்லிக்கொண்டாலும் நடப்பதென்னவோ பெண் பார்க்கும் படலம்தான். முந்தின தலைமுறையில் பிறந்திருந்தால் மஞ்சள் தடவிய ஜாதகத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போயிருப்பார். இப்போது போனிலேயே நட்சத்திரப் பொருத்தம் பார்த்துவிட முடிகிறது. நாலரை நட்சத்திரம் என்றால் மேற்கொண்டு பேசலாம். மூன்றரை என்றால் தோஷம். படத்தைப் பெரிதாக்கி, சுவர் மூலையில் ஓதம் ஏறியிருப்பதைக் கண்டுபிடிப்பார். பெண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று விசாரிப்பதுபோல, பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா என்று விசாரிப்பார். மற்றவர்கள் எழுதிய கருத்துகளில் புகழ்ச்சியைப் படிக்கவே மாட்டார். நேராக ஒற்றை நட்சத்திரத்துக்குப் போவார். பாத்ரூமில் பல்லி இருந்ததாக எவரோ நாலு வருஷம் முன்பு எழுதியிருப்பார். அந்தப் பல்லி இன்னும் உயிரோடு இருக்குமா என்ற யோசனையில் நம்மவருக்கு ஒரு வாரம் ஓடும்.

நான் சொல்லப்போகும் நம்மவர் இரண்டு வருஷம் தீவு தேடினார். முதலில் அந்தமானில் ஹேவ்லாக். 2018-ல் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இவர் பழைய பெயரிலேயே தேடுவார், புதுப் பெயரில் தேடினால் வாடகை ஏறிவிடுமாம். அங்கே கடற்கரைகளுக்கு நம்பர் உண்டு. ஐந்தாம் நம்பர் விஜயநகர் கிழக்கே இருப்பதால் அங்கே விடியல் அழகு. ஏழாம் நம்பர் ராதாநகர் மேற்கே இருப்பதால் அங்கே அந்தி அழகு. விடியலா அந்தியா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். "எட்டரைக்கு முன்னாடி நீங்க என்னிக்கு எழுந்தீங்க?" என்று வீட்டம்மா கேட்டது கணக்கில் ஏறவில்லை.

அடுத்தது மாலத்தீவு. அங்கே ஏர்போர்ட்டில் இறங்கினால் போதாது; ரிசார்ட் இருக்கும் தீவுக்கு வேகப்படகிலோ கடல் விமானத்திலோ போக வேண்டும். கடல் விமானம் இருட்டினால் பறக்காது. ஆகவே சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்தை மாற்ற வேண்டும், ஆகவே லீவை மாற்ற வேண்டும், ஆகவே மேனேஜரை மாற்ற வேண்டும் என்ற இடத்தில் அது நின்றது. பிறகு பாலித் தீவு. உபுத் என்ற ஊரில் அவர் கனவு கண்ட இடமே கிடைத்தது. பணம் கட்டப்போகும் நிமிஷத்தில்தான் அந்த ஊரில் கடலே இல்லை, நெல்வயல்தான் என்று தெரிந்தது. "வயலைப் பாக்கறதுக்கு எதுக்கு மாப்ளே பாலி? பொன்னேரி போதுமே" என்றார் மாமனார். அந்தப் பொன்னேரிதான் வினையாயிற்று. பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு.

இதில் வேடிக்கை, அவருடைய அப்பா தீவுகளில் தாராளமாகத் தங்கியவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு வாரம், ராமேஸ்வரத்தில் மூன்று நாள். இரண்டும் தீவு என்பதை அவர் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. கோயில் கிட்டத்தில் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பாய் தருவார்களா: சத்திரம் முடிவாகிவிட்டது.

நம்மவர் எனக்கு போன் போட்டார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் பெரிய உப்பங்கழி எங்களுடையது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. உள்ளே தீவுகள் உண்டு. இருக்கம் தீவு ஆந்திரக் கணக்கில் இருந்தாலும் பேச்சு தமிழ்தான். படகில் போக வேண்டும். பறவைகள் சரணாலயம் என்பதால் ரிசார்ட் கிளம்பவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதிலிருந்து, சும்மா ஏற்றிக்கொண்டுபோய்ச் சுற்றிக்காட்டுவது லேசில் நடக்காது.

"பெரிய தீவா எதுவும் இல்லையா?"

"இருக்கு. ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா கிடக்கும். 1971லேர்ந்து அங்கதான் ராக்கெட் விடறாங்க."

"அங்க தங்க முடியுமா?"

"ராக்கெட்டே அங்க தங்கறதில்ல சார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். தங்குவதற்கு இல்லையாம், இடம் பார்க்க மட்டும். தங்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஊர் எங்களுடையது, ஒன்றுக்கு அழைத்துப்போனேன். குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். மெத்தையை நாலு மூலையிலும் அமுக்கினார். ஜன்னலைத் திறந்தார், வெளியே கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. மூடினார். "நீச்சல் குளம்?" என்றார். எதிரே ஏரியைக் காட்டிய பையன், "ஆனா நீந்த முடியாது சார், நடக்கலாம்" என்றான். பொய்யில்லை. ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர்தான். "எத்தன நாளைக்கு சார் போடட்டும்?" என்று அவன் நோட்டை விரித்தபோது நம்மவர் சொன்னார்: "ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்." பஜ்ஜி சொஜ்ஜி ஒன்றுதான் பாக்கி.

இந்த ஊரில் இடம் பார்த்தவர்களில் அவர் முதல் ஆள் இல்லை. டச்சுக்காரர்கள் 1600-களின் தொடக்கத்தில் வந்து பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. 1612-ல் போர்ச்சுகீசியர்கள் வந்து அவர்களுடைய பண்டகசாலையை அழித்தும் கிளம்பவில்லை. மறு வருஷமே கோட்டை கட்டி, கட்டிய வான் பெர்ச்செம் தன் சொந்த மாகாணத்தின் பெயரால் அதற்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தார். சென்னையில் ஃபிளாட் வாங்கி வாசலில் 'குலசை இல்லம்' என்று பலகை மாட்டுகிற அதே குணம்தான். துணியும் வெடிமருந்துமாய் வியாபாரம் நடந்தது. எங்கே போகிறோம் என்று கேட்க வழியில்லாமல் டச்சுக்காரர்களின் பத்தாவியா நகருக்கு அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்களும் இங்கிருந்துதான் போனார்கள். 1690-ல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது அகழியும் முள்செடியும்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகள். அவர் மிரளவில்லை, உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தார். "நல்ல அமைதி. காத்தும் வருது."

"முந்நூறு வருஷமா தங்கியிருக்காங்க சார். ஒருத்தர்கூட குறை எழுதல" என்றேன்.

பிற்பகல் கோட்டைக்குப்பத்தில் பெரியப்பாவிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வலைக்கொட்டாயில் உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலைப் பல்லில் கடித்து ஒரு சுண்டு சுண்டுவார். வாய் பாட்டுக்குப் பேசும், கை பாட்டுக்குப் போகும்.

"ஐயா, கடல் பாத்த மாதிரி வீடு ஏதாச்சும் வாடகைக்கு வருமா?"

பெரியப்பா நிமிரவில்லை. "விடிகாலைலேர்ந்து அதைத்தான் பாத்துக்கினு கிடக்குறோம். வூட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா தம்பி?" நூலைக் கடித்துச் சுண்டினார். "2004 டிசம்பர்ல அதுவே வந்து எங்களப் பாத்துட்டுப் போச்சி."

நம்மவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று வெளிறிய ரோஜா நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடி தெம்பு வந்துவிட்டது. "இதுங்க எவ்ளோ தூரம் பறந்து வருதுங்க! அதுங்க தேடிப் புடிச்ச இடம்னா, அதான் இந்த ஏரியாவுலயே பெஸ்ட்டா இருக்கணும்."

"அதுங்க நின்னுக்கினே தூங்கும் தம்பி."

பிறகு அவர் ஒரு உருப்படியான கேள்வி கேட்டார். ஏரியில் எந்த இடத்தில் மீன்பிடிப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? பெரியப்பா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். எங்கள் பக்கம் அதற்குப் பாடு என்று பெயர். எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி படாது. முகத்துவாரத்தை ஒட்டிப் படுவது உள்ளே படாது. நல்ல இடத்தை ஒருத்தரே பிடித்துவைத்துக்கொண்டால் அடிதடிதான். ஆகவே பாடு பாத்தியதை உள்ள குப்பத்தார் முறை வைத்துச் சீட்டுப் போடுவார்கள். இன்றைக்கு இந்த இடம் இவருக்கு. அடுத்த முறை வேறு ஒருவருக்கு.

"சீட்டுல மோசமான இடம் வந்துட்டா?"

"வந்தா வந்ததுதான். அன்னிக்கு அங்கதான் வலை."

"கேன்சல் பண்ணிட்டு வேற மாத்திக்க முடியாதா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஆளை எங்கிருந்து பிடித்து வந்தாய் என்ற பார்வை.

இதையெல்லாம் பேசி, மதியம் மீந்த நண்டுக்குழம்பை இன்னொரு தரம் சாப்பிட்டு எழுந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. அவர் பார்த்துவிட்டுவந்த ரூமுக்கு போன் போட்டேன். வேறு யாரோ குடும்பத்தோடு வந்து எடுத்துக்கொண்டார்களாம். நல்ல வரனுக்குக் காத்திருக்க முடியுமா?

பெரியப்பா வலைகளை ஓரமாகத் தள்ளி, கொட்டாயில் இரண்டு பாய் விரித்தார். தலைக்கு ஒரு மடித்த லுங்கி. சுவர் இல்லை, ஆகவே ஓதம் இல்லை. பல்லி இருந்தது. வாடைக்காற்று ஏரிச் சேற்று வாசத்தோடு உள்ளே புகுந்து மறுபக்கம் போனது. எனக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டில் மடவை துள்ளித் தண்ணீரில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். நம்மவர் படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார். காலை எட்டரைக்குப் பெரியம்மா வந்து எழுப்பித்தான் எழுந்தார். விடியலும் போயிற்று. நல்லவேளை, அந்தி முந்தின நாளே போய்விட்டது.

பஸ் ஏற்றிவிட்டபோது ரொம்ப நன்றி சொன்னார். இனி ரூம் தேடும் வியாதி தீர்ந்தது என்று நானும் நினைத்தேன்.

போன வாரம் பெரியப்பா கூப்பிட்டார். "அந்தத் தம்பி டெய்லி போன் பண்ணுதுடா."

"எதுக்கு?"

"பக்கத்து வலைக்கொட்டாய்ல காத்து இன்னும் கொஞ்சம் சாஸ்தியா வருமான்னு கேக்குது."