வலைக்காரி வீட்டுப் பேத்தியும் வெல்வெட்டு நூலும்

அடியே தாயி, அந்த நூலு உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு? விடிஞ்சதுல இருந்து அதைத்தான் வஞ்சுக்கிட்டு இருக்க. மாமியாரைக்கூட இம்புட்டு வஞ்ச மருமகளை இந்தத் தங்கச்சிமடத்துல நான் பார்த்ததில்ல. அவளாச்சும் மாமியாரு தண்ணி எடுக்கப் போன நேரமாப் பார்த்துத் திட்டுவா. நீ நூலை எதிர்க்க வச்சுக்கிட்டே திட்டுற. தைரியந்தான்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லத்தான் வாய் துருதுருங்குது. சொல்ல மாட்டேன். சில கூடம் நெசமாவே கோணல்தான், நூல்லயும் கோணல் உண்டு. ஆனா அந்தக் கோணலைக் காசு குடுத்துக் கூரியர்ல வரவழைச்சது யாரு? பொட்டலம் எங்க வந்துருக்கு, மதுரை தாண்டிருச்சா, பரமக்குடி வந்துருச்சான்னு ராவும் பகலும் போனை நோண்டிக்கிட்டுக் கெடந்தது யாரு? இப்ப அலமாரியில ஒரு பை நெறைய "ஒத்துவராத நூல்"னு கட்டி வச்சிருக்க. நூலைக் கேட்டா அது என்ன சொல்லுமோ!

அப்பத்தா சொல்றதைக் கேளு. கேக்காட்டியும் பரவால்ல, எனக்கும் பொழுது போகணும்.

மொதல்ல அந்த வெல்வெட்டு நூலு. படத்துல பூனைக்குட்டி கணக்கா இருந்துச்சுன்னு வாங்கியிருக்க. அதுல ஒரு சாண் வெட்டிப் பிரிச்சுப் பாத்தியா? நான் பாத்தேன். உள்ள ரெண்டு இழை முறுக்கிக் கெடக்கு. அந்த முறுக்குக்கு ஊடால குட்டை குட்டையா வெட்டுன மயிரைச் சொருகி வச்சிருக்கான். அம்புட்டுத்தான் சங்கதி. முடிச்சு ஒண்ணும் கெடையாது, முறுக்கோட பிடியில நிக்குது. நீ தப்பாப் பின்னிப் பிரிச்சு, மறுபடியும் பின்னி மறுபடியும் பிரிச்சா, மயிரு உதிர்ந்து நடுவுல வழுக்கை விழுந்துரும். உங்க தாத்தாவுக்கு விழுந்ததுக்கும் காரணம் ஏறக்குறைய அதுதான், அந்தக் கதை இப்ப வேணாம்.

வெல்வெட்டுலதான் பின்னுவேன்னு நின்னா அதுக்கும் யோசனை வச்சிருக்கேன். நல்ல கறுப்பு வெல்வெட்டா வாங்கிக்க. கரண்டு போன ராத்திரியாப் பாத்து உட்காரு. மடியில கறுப்புப் பாவாடை இருக்கட்டும். கண்ணியை எண்ணவே எண்ணாத, எண்ணுனா நூலுக்குக் கோவம் வரும். தோழிமாரைக் கூட்டி வச்சுக்கிட்டு சினிமாக் கதை பேசிக்கிட்டே பின்னு. பாதி சால்வை முடிஞ்ச பெறகு வெளிச்சத்துல விரிச்சுப் பாரு. ஒரு ஓரம் ராமேசுவரத்தைப் பாக்கும், மறு ஓரம் மண்டபத்தைப் பாக்கும். அப்புறம் ஒரு வாரத்துக்கு உக்காந்து நூலைத் திட்டலாம். பொழுதுக்குப் பஞ்சமே வராது.

வேணாமா? அப்பப் பகல்ல வாசல்ல வந்து உட்காரு. கறுப்பு நூலுன்னா மடியில வெள்ளைத் துண்டைப் போடு, ஓட்டையெல்லாம் பளிச்சுன்னு தெரியும். வெல்வெட்டுக்குத் துண்டும் உதவாது. அந்த மயிரு கண்ணியை மூடிக்கிரும். அதுக்கு வெரலாலதான் பாக்கணும். எடது கைக் கட்டைவெரலையும் ஆள்காட்டி வெரலையும் வரிசை மேல வச்சுத் தடவு. மேடு, பள்ளம், மேடு, பள்ளம்னு வரும். பள்ளத்துலதான் ஊசி எறங்கணும்.

இது நண்டு வலைக்காரிக்கு யாரும் சொல்லிக் குடுக்காத பாடம். வலை கரைக்கு வர்ற நேரத்துக்கு வெளிச்சமும் வரணும்னு சட்டம் ஏதும் இல்லையே. மணல்ல வலையைக் கொட்டுனா நீலக்கால் நண்டு கொத்துக் கொத்தாச் சிக்கிக் கெடக்கும். நண்டு ஒழுங்காச் சிக்குற சாதி கெடையாது. ஒரு காலு இந்தக் கண்ணியில, மறு காலு மூணு கண்ணி தள்ளி, கொடுக்கு ரெண்டும் நூலைக் கவ்விக்கிட்டு இருக்கும். வெடுக்குன்னு இழுத்தியோ, காலு ஒடியும். எடை கொறைஞ்சா ஏவாரி மூஞ்சியைச் சுளிப்பான். அதனால தடவிப் பாப்போம். எது கடைசியாச் சிக்குச்சோ அதை மொதல்ல கழட்டுவோம். கொடுக்கு கவ்வியிருந்தா நூலைத் தளர விட்டுப் பொறுத்திருப்போம். அதுவே விடும். விடாட்டி அது நம்ம வெரலைப் பிடிச்சிரும், அது வேற கதை.

நீ என்ன பண்ணுற? உருண்டையில சிக்கு விழுந்ததும் முனையைப் பிடிச்சு ஒரே இழு. இருந்த சிக்கு முடிச்சாயிருது. அப்புறம் கத்திரிக்கோல். சிக்குன நூலை இழுக்கக் கூடாதுடி, அகட்டணும். நடுவுல வெரலை விட்டு நாலாப் பக்கமும் தளர்த்திக்கிட்டே போனா முனை தன்னால வெளிய வரும். பொறுமை இல்லைன்னா ஒரு காலையில பாம்பன் கரைக்கு வா, நண்டு கழட்ட ஆளு தேடுறாக.

அடுத்த பிராது, நூலு பிளந்துக்குது. கொக்கி உள்ள போறப்ப நாலு இழையில ரெண்டைத்தான் பிடிக்குது, மத்தது காது தொங்குது. இதுல நூலு மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு, ஒத்துக்கிறேன். முறுக்கு தளர்ந்த நூலு அப்படித்தான். ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நூலைச் செங்குத்தாத் தூக்கிப் பிடிச்சுப் பாரு. இழையெல்லாம் வலப்பக்கம் சாஞ்சு ஏறும், இல்ல எடப்பக்கம் சாஞ்சு ஏறும். கொக்கியில நூலைச் சுத்தி எடுக்கையில எல்லாம் அந்த முறுக்கு ஒரு துளி கூடும், இல்ல ஒரு துளி அவுரும். சோத்துக் கைக்காரிக்கு அவுர்ற நூலு பீச்சாங்கைக்காரிக்கு இறுகும். உன் தோழி பீச்சாங்கைக்காரி, அவ அருமைன்னு சொன்ன நூலு உனக்கு எருமையாப் போறதுல என்ன அதிசயம்?

உருண்டையைத் திருப்பி மறு முனையில இருந்து பின்னுனா சரியாயிரும்னு ஒரு மேதாவி சொல்லுவா. அவகிட்டத் தோணி கட்டுற கயித்தைக் குடுத்துத் தலைகீழாப் பிடிக்கச் சொல்லு. முறுக்கு மாறுச்சான்னு கேளு. எந்த முனையைப் பிடிச்சாலும் அது ஒரே பக்கந்தான் சாயும். கெட்டி முறுக்கு நூலா வாங்கு. வாங்குனது வாங்கியாச்சுன்னா மூக்கு மழுங்கலான ஊசியா எடு. கூர் மூக்குதான் இழையைக் குத்திப் பிளக்குது.

நம்ம கரையில நூலு மாறாத காலமே கெடையாது. உங்க கொள்ளுத் தாத்தா நாள்ல வலைன்னா பருத்தி நூலு, சணப்பு நூலு. உப்புத் தண்ணியில நனைஞ்சு நனைஞ்சு மக்கிரும். அதுக்காகப் புளியங்கொட்டைத் தோலையும் மரப்பட்டையையும் அவிச்சு அந்தச் சாயத்துல வலையை முக்கி எடுப்பாக. கடலுக்குப் போயி வந்தா மணல்ல விரிச்சுக் காயப் போடணும். காயாம அம்பாரமாக் குவிச்சு வச்சா வலை அழுகிரும். மீனு பிடிச்ச நேரம் பாதி, வலைக்குச் சேவகம் செஞ்ச நேரம் பாதி.

அப்புறம் வந்துச்சு நைலான். 1935ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனியில கரோத்தர்ஸ்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது. நம்ம நாட்டுல 1957ல கொச்சியில மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் ஆரம்பிச்சாக, அவுகளும் நைலான் வலையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி ஊரூராச் சொன்னாக. 1964 டிசம்பர்ல புயல் வந்து தனுஷ்கோடியை அள்ளிக்கிட்டுப் போன சமயம் நான் பாவாடை கட்டுன புள்ளை. அந்தக் காலத்துக் கெழவங்க புது நூலைக் கையில வாங்கிப் பாத்து மூஞ்சி சுளிச்சாக. மக்காது, காயப் போட வேணாம், எல்லாஞ்சரி. ஆனா முடிச்சு வழுக்குதே! பருத்தியில போட்ட அதே முடிச்சை நைலான்ல போட்டா நகருது. ஒரு கண்ணி பெருசாகுது, பக்கத்துக் கண்ணி சின்னதாகுது, மீனு சிரிச்சுக்கிட்டே வெளிய போகுது. நாலு நாளு திட்டுனாக. அஞ்சாம் நாளு ஒத்தைச் சுத்து முடிச்சை ரெட்டைச் சுத்தாக்கிட்டாக. பெரச்சினை தீர்ந்துச்சு. நூலு மாறுனா முடிச்சை மாத்து, அம்புட்டுத்தான் இந்தக் கரையோட கல்வி. நீ பருத்திக்குப் பிடிக்கிற பிடியை வெல்வெட்டுக்கும் பிடிப்பேன், கம்பளிக்கும் பிடிப்பேன், எல்லா நூலும் எனக்கு அடங்கி நடக்கணும்னு நிக்கிற. கலெக்டருக்கே இந்த ஊர்ல அம்புட்டு அடக்கம் கெடைக்காது.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில நிக்கும். அப்பப் போயிப் பாரு, நெழல்ல மடிவலையை விரிச்சுப் போட்டு வரிசையா உக்காந்து தைச்சுக்கிட்டு இருப்பாக. ஒருத்தர் வாயிலயாவது நூலைப் பத்திப் பேச்சு வருதான்னு கேளு. வராது. திட்டுறதுக்கு அவுகளுக்கு டீசல் விலை இருக்கு.

நான் மனசார வெறுக்குற நூலும் ஒண்ணு இருக்கு, தங்கூசி. ஒத்தை நரம்பு, கண்ணாடி நெறம். தண்ணிக்குள்ள மீனுக்கும் தெரியாது, கரையில எனக்கும் தெரியாது. வெரலை அறுக்கும். ஒரு தரம் மடங்குன எடம் ஆயுசுக்கும் மடங்குனபடியே நிக்கும். கிழிஞ்சா தைக்கிற கூலிக்குப் புதுசே வாங்கிரலாம்னு தூக்கிப் போட்டுருவாக. கடலுக்குள்ள அறுந்து போனா அது மக்காம, ஆளில்லாம, அது பாட்டுக்கு மீனையும் ஆமையையும் பிடிச்சுக்கிட்டே கெடக்கும். திட்டணும்னா அந்த நூலைத் திட்டுடி, நானும் கூட உக்காந்து திட்டுறேன். உன் வெல்வெட்டு பாவம், வழுக்கை விழுறதைத் தவிர அதுக்கு வேற துரோகம் தெரியாது.

கம்பளிக்கு வருவோம். சித்திரை வெயில்ல, வேர்வை முழங்கையில வழியுற நேரத்துல, ஆட்டு மயிரு நூலை மடியில போட்டுக்கிட்டு "ஊசியில ஒட்டுது"ங்குற. ஒட்டாம? உனக்கே புடவை ஒட்டுது. கையில கொஞ்சம் பவுடரைப் போட்டுக்க. இரும்பு ஊசியை உப்புக் காத்துல போட்டு வைக்காத, துருப்பிடிச்சா வெள்ளை நூல்ல அது கையெழுத்துப் போடும். மயிரு மயிரா நிக்குற அந்த மொகேர் நூலு பிரிக்க வரலைன்னா குளிர்சாதனப் பெட்டியில, ஐசு வைக்கிற தட்டுல கொஞ்ச நேரம் வச்சு எடுத்துப் பிரிக்கச் சொல்றாகளே, அது நெசந்தான், மயிரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறது கொறையும். ஆனா உங்கம்மா அதுல சீலா மீனு வச்சிருக்கா. மூடி போட்ட டப்பாவுல வைக்காட்டி, அந்தச் சால்வையைப் போத்திக்கிட்டு நீ பஸ்சுல ஏறுனா பூனைதான் பக்கத்துல உக்காரும்.

குளிரே இல்லாத ஊர்ல கம்பளி எதுக்குன்னு கேக்க வந்தேன், கேக்க முடியல. 2016 ஜனவரி 31ல சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்னு ஒரு கூட்டம் 11,148 சதுர மீட்டருக்கும் மேல ஒரு போர்வையைப் பின்னி இணைச்சுக் கின்னஸ்ல ஏறிருச்சு. சென்னையில போர்வை! ஆளுக்குக் கொஞ்சமாச் சதுரம் சதுரமாப் பின்னிச் சேர்த்தது. அத்தனை பேரும் ஆளுக்கொரு நூலைக் குறை சொல்லிக்கிட்டு இருந்திருந்தா ஒரு தலையணை உறைகூடத் தேறியிருக்காது.

இன்னொண்ணு. ஆந்திராவுல நரசாபுரம்னு ஒரு ஊரு, கோதாவரிக் கரையில. அங்க தலைமுறை தலைமுறையா வீட்டுக்கு வீடு பொம்பளைக குரோஷா லேஸு பின்னுறாக. மயிரிழைப் பருத்தி நூலு. ரொம்ப காலமா அங்க ஏவாரிதான் நூலைக் குடுப்பான், பின்னுனதை வாங்கிக்கிட்டு கூலியையும் அவனே முடிவு பண்ணுவான். இந்த நூலு எனக்குப் பிடிக்கல, மெத்துன்னு வேற குடுன்னு அவ கேக்க முடியுமா? நூலைப் பிடிக்கலைன்னு சொல்றதே ஒரு வசதிடி தாயி. அனுபவி, ஆனா வசதின்னு தெரிஞ்சு அனுபவி.

இனிமே நூலு வாங்குறப்ப கண்ணைப் பையில போட்டுட்டுக் கையைக் கொண்டு போ. கடைக்காரன் மொறைச்சாலும் ஒரு முழம் உருவி இழுத்துப் பாரு, எம்புட்டுக் குடுக்குதுன்னு தெரியும். ரெண்டு வெரல்ல எதிர்ப் பக்கமா உருட்டிப் பாரு, பிளக்குதான்னு தெரியும். கன்னத்துல தேய்ச்சுப் பாரு, குத்துதான்னு தெரியும். சீட்டுல இருக்கிற சாய நம்பரு எல்லா உருண்டையிலயும் ஒண்ணுதானான்னு பாரு. இல்லாட்டி முன்பக்கம் ஒரு நீலம், முதுகுப்பக்கம் ஒரு நீலம்னு கட்சிக்கொடி ஆகிரும். வீட்டுக்கு வந்ததும் எடுத்த எடுப்புல சால்வையைத் தொடங்காத. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னு, தண்ணியில அலசு, காயப் போடு, அப்புறம் ரெண்டு பேரும் ஒத்துப் போவீகளான்னு முடிவு பண்ணு. மாப்பிள்ளை பாக்குறப்ப இந்தப் பரிசோதனைக்கெல்லாம் வழி கெடையாது, நூலுக்காவது செஞ்சுக்க.

அலமாரியில இருக்கிற அந்த "ஒத்துவராத" பையை என்கிட்டக் குடுத்துரு. பொடலைக்குப் பந்தல் கட்டணும். நூலு நல்லா இல்லைன்னு பொடலங்கா சொன்னதா நான் கேள்விப்பட்டதில்ல.

அப்புறம் எனக்கு ஒரு சுருக்குப் பை பின்னணும். வெத்தலை வைக்க. வெல்வெட்டு வேணாம், பாக்குல மயிரு ஒட்டும். வெள்ளை வேணாம், கறை காட்டிக் குடுத்துரும். கறுப்புன்னா நீ ஊரைக் கூட்டிருவ. காவி நெறத்துல கெட்டி முறுக்குப் பருத்தி நூலா எடு. வாய் கட்டுற கயிறு மட்டும் நைலானா இருக்கட்டும், ரெட்டை முடிச்சாப் போடு. உங்க தாத்தா கையி உள்ள போகக் கூடாது, பாக்கு கொறைஞ்சுக்கிட்டே வருது.