மாண்ட மோட்டாரும் மாளாத ஃபைலும்

பாயிரம்

யானைக்கும் குதிரைக்கும் நம் முன்னோர் தனித்தனியே சாஸ்திரங்கள் இயற்றினார்கள். கஜ சாஸ்திரமும் அசுவ சாஸ்திரமும் தஞ்சாவூர் சரஸ்வதி மகாலின் புண்ணியத்தில் அச்சேறியும் இருக்கின்றன. ஆனால் வெள்ளத்தில் மாண்ட வாகனத்துக்குரிய கிரயத்தை அதன் சொந்தக்காரன் எவரிடம், எந்தப் படிவத்தில், எத்தனை முறை யாசிக்க வேண்டும் என்பதை விளக்க ஒரு சாஸ்திரம் இதுவரை என் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டே, சொந்த மோட்டாரைப் பறிகொடுத்து, நான்கு மாதகாலம் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் வாசலில் தவமிருந்து பெற்ற அனுபவ ஞானத்தை இங்கே கிரந்தமாக்குகிறேன்.

முதலில் பெயராராய்ச்சி. 1688-ஆம் ஆண்டளவில் லண்டன் டவர் தெருவில் எட்வர்டு லாயிடு என்பவர் நடத்திய காப்பிக் கடையில்தான் கப்பல்காரர்களும் வியாபாரிகளும் கூடினார்கள் என்பதும், கடலுக்குப் போகும் சரக்குக்கு ஈட்டுறுதி அளிக்கும் தொழில் அந்த மேஜைகளைச் சுற்றியே வளர்ந்தது என்பதும் சரித்திரம். இதைக் கொண்டு, காப்பியிலிருந்து பிறந்ததனாலேயே 'காப்பீடு' என்னும் பெயர் அமைந்தது என்று வாதிக்க எவருக்கேனும் ஆசை எழலாம். அது பொருந்தாது. காப்பி ஆறிப்போவதற்குள் வந்துவிடும். ஆறிப்போன பிறகு வருவதே காப்பீடு.

பதார்த்த லட்சணம்

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையின் மீது பொழிந்தபோது, வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நின்ற ஐந்து வயது மோட்டார், ஏரி தன் பழைய எல்லையைத் தேடி வந்ததுபோல் வந்த தண்ணீரில், ஸ்டியரிங் வரை மூழ்கி இரண்டு நாள் கிடந்தது. நீர் வடிந்தபின் கதவைத் திறந்தேன். முன்பெட்டியிலிருந்த காகிதங்கள் அனைத்தும் ஈரத்தில் ஒட்டிய அப்பளக்கட்டாகிவிட்டிருந்தன. மிதியடியின் பள்ளத்தில் தேங்கிய நீரில் ஒரு தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தது. டேஷ்போர்டுப் பிள்ளையார் மாத்திரம் துதிக்கை வரை சேறு பூசிக்கொண்டு, ஸ்தானம் பெயராமல் வீற்றிருந்தார். "ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமா மாமா?" என்று என் மைத்துனன் சாவியை நீட்டினான். அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதுதான் இவ்விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். ஏனெனில் தானே வந்த நீர் கெடுத்ததைக் காப்பீடு வெள்ளச் சேதமென்று ஏற்கும். நீர் புகுந்த எஞ்சினை முடுக்கி அதன் உறுப்புகளை நாமே வளைத்துக்கொண்டால், தனியாகப் பணம் கட்டி எஞ்சின் பாதுகாப்பு எடுத்தவரைத் தவிர மற்றவருக்கு, 'பின்விளைவு' என்று கைவிரித்துவிடும்.

இனி 'முழுச்சேதம்' என்பதன் லட்சணம். உலகோர் இதை 'டோட்டல் லாஸ்' என்பர். மோட்டாரின் மரணம் கண்ணால் கண்டு தெளிவதன்று, கணக்கால் தெளிவது. பாலிசியில் குறித்த மதிப்பை ஐ.டி.வி. என்று சொல்லுவார்கள். வாகனத்தின் விலையிலிருந்து வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து வருவது அது; நான்கு வயது கடந்து ஐந்துக்கு மிகாத வண்டிக்குத் தேய்மானம் நூற்றுக்கு 50. எட்டு லட்சம் விலையுள்ள என் வண்டிக்கு ஐ.டி.வி. நான்கு லட்சம். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால், அதாவது மூன்று லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும், வண்டி மரித்ததாகக் கொள்ள வேண்டும். பட்டறைக்காரர் போட்ட மதிப்பீடு மூன்று லட்சத்து அறுபதாயிரம். ஆகவே என் மோட்டார் சாஸ்திரோக்தமாகவே மரித்தது. மரித்ததை மறுப்பார் ஒருவருமில்லை. சம்பந்தப்பட்ட ஒவ்வோர் அலுவலகமும் அதை வேறொரு காகிதத்தின் மூலம் அறிய விரும்பிற்று என்பதுதான் வியாஜ்ஜியம்.

தோஷ நிரூபணம்

தாமதம் என்பதைச் சோம்பலின் விளைவென்று பாமரர் கருதுவர். அஃது அப்படியன்று, தர்க்க சாஸ்திரத்தில் சொல்லிய நால்வகைத் தோஷங்களும் முறையே குடியேறிய கட்டுக்கோப்பான மாளிகை அது.

முதலாவது ஆத்மாசிரயம், ஒன்று தன்னையே தனக்குக் காரணமாகக் கொள்வது. தொலைபேசியில் கேட்டேன். "உங்க க்ளெய்ம் ப்ராசஸ்ல இருக்கு சார்" என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். ஏன் முடியவில்லை, அம்மா? "பெண்டிங்ல இருக்கறதால சார்." ஏன் பெண்டிங்கில் இருக்கிறது? "இன்னும் ப்ராசஸ் முடியல சார்." தமிழ் இலக்கணம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாகப் பகுத்தது. இம்மூன்றிலும் அடங்காமல், நிகழ்வதுபோல் தோன்றி எதிர்வதாகச் சொல்லப்பட்டு இறந்ததாகவே முடியும் நான்காவது காலமொன்று உண்டென்றும், அதற்கு 'ப்ராசஸ்காலம்' என்று பெயரிடலாமென்றும் இலக்கண அறிஞர்களிடம் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது அந்யோன்யாசிரயம், இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இரண்டுமே நிற்காமற்போவது. வண்டி பாங்குக் கடனில் வாங்கியது, ஆர்.சி. புத்தகத்தில் பாங்கின் பெயரும் ஏறியிருந்தது. கடன் தீர்ந்ததென்னும் என்.ஓ.சி. வந்தால்தான் பணம் என்றது கம்பெனி. பணம் வந்து கடன் தீர்ந்தால்தான் என்.ஓ.சி. என்றது பாங்கு. இரண்டு கட்டடங்களும் எதிரெதிரே இருந்தபடியால், சாலையைக் கடப்பதொன்றே எனக்கு மிஞ்சிய காரியமாயிற்று. நிலுவைத் தொகையை நேரே பாங்குக்கும், மிச்சத்தை எனக்கும் கொடுக்கலாம் என்னும் எளிய உண்மையை இருவரும் அறிந்தேயிருந்தனர். அதை முதலில் எழுத்தில் கொடுப்பவர் யார் என்பதுதான் நிர்ணயமாகவில்லை.

மூன்றாவது சக்கரகம், மூன்றோ நான்கோ சேர்ந்து வட்டமிடுவது. ஆர்.சி. ரத்தானால் ஃபைலுக்கு ஒப்புதல் என்றது கம்பெனி. சேசிஸ் எண் பொறித்த தகட்டுத் துண்டைக் கொண்டுவந்தால் ரத்து என்றது ஆர்.டி.ஓ. அலுவலகம். நாள் கணக்கில் ஏறிவரும் நிறுத்த வாடகையும், கம்பெனியின் எழுத்துமூல அனுமதியும் வந்தால் தகட்டை அறுப்பேன் என்றார் பட்டறைக்காரர். ஃபைலுக்கு ஒப்புதல் கிடைத்தபின் அனுமதி என்றது மீண்டும் கம்பெனி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவோ, வண்டி அழிந்தால் 14 நாளுக்குள், இல்லையேல் கூடிய விரைவில், பதிவு அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்லுகிறது. என் வண்டி அழிந்ததா என்று பார்க்கவேண்டிய சர்வேயரே பதினாறாம் நாள்தான் வந்தார்.

நான்காவது அனவஸ்தை, முடிவில்லாமல் பின்னோக்கிச் செல்வது. கிளை அலுவலகம் கோட்டத்தைக் காட்டிற்று. கோட்டம் மண்டலத்தைக் காட்டிற்று. மண்டலம் தலைமையைக் காட்டிற்று. தலைமையகத்தில் கேட்டால், "பிராஞ்சுலதான் சார் கேக்கணும்" என்றார்கள். இதனால் அனவஸ்தை மேலும் சென்று சக்கரகமாகப் பரிணமிக்கும் என்பது பழைய நையாயிகர்கள் காணாத நுட்பம்.

பிரமாண விசாரம்

இவ்வளவு தோஷங்களையும் தகர்க்கவல்ல பிரமாணம் எது? பிரத்தியட்சம் பயன்படாது, சேறு காய்ந்த வண்டியைச் சர்வேயர் தம் கண்ணாலேயே கண்டு ஐம்பது புகைப்படமும் எடுத்துச் சென்றார், ஃபைல் அசையவில்லை. அனுமானமும் பயன்படாது, "நல்லவேளை, இந்த வாரம் வந்துடும்" என்று நான் செய்த அனுமானங்கள் அனைத்தும் பொய்த்தன. இல்லாமையைக் காணாமையால் நிறுவும் அனுபலப்தியோ அபாயகரமானது: வண்டியின் இரண்டு சாவியும் வேண்டுமென்று கேட்டார்கள், இரண்டாவது சாவியை வீடெங்கும் தேடியும் காணாமையால் அது இல்லையென்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து நோட்டரி கையெழுத்தும் பெற்றுக் கொடுத்த மறுவாரம், அது அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கடியில் அகப்பட்டது.

எஞ்சியது சப்தப் பிரமாணம். அதிலும் வாய்ச்சொல் அன்று, தேதியிட்ட எழுத்து. என் வழக்குக்குப் பொருந்திய 2017-ஆம் ஆண்டுப் பாலிசிதாரர் நலக் காப்பு ஒழுங்குமுறை விதிகளே இவ்விஷயத்தில் அப்போது வேதவாக்காக இருந்தன. தகவல் சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம். நியமனமான 30 நாளுக்குள் அவருடைய அறிக்கை. அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி தொகையை அறிவிக்கவேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்கவேண்டும். தாமதித்தால் பாங்கு விகிதத்துக்கு மேல் நூற்றுக்கு 2 சேர்த்து வட்டி. இவற்றைப் படித்த அன்றிரவு நான் செய்தது ஒன்றே. ஒரு முழுத்தாளை இரண்டாகக் கோடிட்டு, இடப்பக்கம் விதி சொல்லும் தேதியையும், வலப்பக்கம் நடந்த தேதியையும் எழுதினேன். உரிச்சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. 'மிகுந்த மனவேதனை' என்று எழுதத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வாராவிடில் தேனாம்பேட்டை அண்ணா சாலையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன் என்று கடைசி வரியில் சேர்த்தேன். அங்கே கட்டணமுமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

பதினோராம் நாள் அதே இனிய குரல் தானே என்னை அழைத்தது. நால்வகைத் தோஷங்களும் அன்று பிற்பகலிலேயே நிவர்த்தியாயின. பாங்குக்குக் கடிதம் போயிற்று, பட்டறைக்கு அனுமதி போயிற்று, தகடு அறுபட்டது. மூன்று மாதம் கேட்டதற்கெல்லாம் அசையாத ஃபைல், இரண்டு பத்தித் தேதிகளைக் கண்டதும் எழுந்து நடந்ததென்றால், அது சோம்பேறியாய் இருந்திருக்க முடியாது; தன்னை எவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்னும் நிம்மதியில் இருந்ததென்றே கொள்ளவேண்டும்.

அபாவ நிர்ணயம்

இல்லாமை நான்கு வகை என்பது தர்க்க சங்கிரகம் படிக்கும் மாணாக்கனும் அறிந்தது. அவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று. குடம் உடைந்தபின் உள்ள இல்லாமை பிரத்வம்சாபாவம். அதற்குத் தொடக்கமுண்டு, முடிவில்லை. குடம் வனையப்படுமுன் உள்ள இல்லாமை பிராகபாவம். அதற்குத் தொடக்கமில்லை, முடிவுண்டு. எக்காலத்தும் இல்லாமை அத்யந்தாபாவம்; முயற்கொம்பு போல்வது. என் மோட்டாரின் இல்லாமை முதல்வகை என்பதில் ஐயமில்லை. டிசம்பர் நான்காம் தேதி தொடங்கிற்று, இனி முடியாது. என் பணத்தின் இல்லாமை எவ்வகை என்பதுதான் வழக்கு. அது வெறும் பிராகபாவம், பொறுத்தால் முடியும் என்பது கம்பெனியின் பட்சம். பொறுத்துக்கொண்டே இருந்தால் பிராகபாவம் தன்னை அறியாமலே அத்யந்தாபாவமாகிவிடும், ஆகவே அதன் முடிவுக்கு ஒரு தேதி குறித்துக் கொடுப்பதே பாலிசிதாரனின் தர்மம் என்பது நம் சித்தாந்தம்.

கட்டாயக் கழிவாகிய ஆயிரம் ரூபாய் போக, மூன்று லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம் ஏப்ரலில் வந்து சேர்ந்தது. பாங்கு தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு விட்டது. பிள்ளையாரை மாத்திரம் பட்டறையிலிருந்து பெயர்த்து வந்து, சேறு கழுவி, எழுதும் மேஜைமேல் வைத்திருக்கிறேன். தாமதத்துக்கு விதிப்படி சேரவேண்டிய வட்டி எங்கே என்று மறுநாளே விசாரித்தேன்.

"அது ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றாள்.

புதிய தாளொன்றை எடுத்து, நடுவே கோடிட்டிருக்கிறேன்.